வாசகர் கேள்வி – பதில்: புடுராயாவில் இப்போது ஈப்போ பஸ் இல்லை

கேள்வி: 2009இல் கோலாலம்பூர் போனபோது எல்.சி.சி.டி. என்ற மலிவு விமான முனையத்தில் இறங்கி, நகருக்கு பஸ்ஸில் வந்து, புடுராயா பஸ் நிலையத்தில் ஈப்போ பஸ் எடுத்தோம். வருகிற தையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஈப்போவிலுள்ள சித்தி வீட்டுக்குப் போகிறேன். அதே வழியால் போகலாமா?
- வாசகி, பரந்தன்

பதில்: போக முடியாது. 2013இல் கிளிநொச்சிக்கு ரயில் வருவதற்கு முன் வந்துபோனவர் ‘ஓமந்தையில் ரயிலால் இறங்கி பஸ் பிடி’ என்று இன்றும் வழி சொன்னால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

எல்.சி.சி.டி. 2014 மே மாதத்தோடு மூடியாயிற்று. மலிவு விமானங்கள் இப்போது கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்தின் டெர்மினல் 2க்கு வருகின்றன, ஸ்ரீலங்கன் டெர்மினல் 1க்கு. திரும்பும்போது டிக்கெட்டைப் பார்த்து எந்த டெர்மினல் என்று உறுதிசெய்யுங்கள். இரண்டுக்கும் இடையில் நடந்து போக வழியில்லை, ரயில் எடுக்கலாம்.

புடுராயா கட்டடம் அங்கேதான் நிற்கிறது. ஆனால் வெளியூர் பஸ்கள் 2011இலிருந்து படிப்படியாக டி.பி.எஸ். என்கிற பண்டார் தாசிக் செலாத்தான் முனையத்துக்குப் போய்விட்டன. அங்கே போவதானால் கே.எல்.ஐ.ஏ. டிரான்சிட் ரயிலில் ஏறுங்கள். அவசரத்தில் கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறினால் அது இடையில் நிற்காது. நேரே நகரிலுள்ள கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய்விடும்.

அம்மா கூட வருவதால் பஸ்ஸே வேண்டாம் என்பேன். டி.பி.எஸ். நகரின் தெற்கில், ஈப்போ வடக்கில். நெரிசலில் நகரைத் தாண்டவே நேரம் போய்விடும். டெர்மினல் 2இலிருந்து எக்ஸ்பிரஸில் 33 நிமிடத்தில் கே.எல். சென்ட்ரல். அங்கேயே இ.டி.எஸ். என்ற வெளியூர் விரைவு ரயிலுக்கு மாறினால் ஏறக்குறைய இரண்டரை மணித்தியாலத்தில் ஈப்போ. தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் இருக்கை கிடைப்பது கஷ்டம். விசா கிடைத்த கையோடு பதிவுசெய்யுங்கள்.

விசா என்றதும் ஒன்று. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இ-விசா வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து எம்.டி.ஏ.சி. என்ற வருகை அட்டையையும், போய் இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் போலி, மூடிவிடுங்கள். அட்டை வந்துவிட்டதே, விசா எதற்கு என்று இருந்தால் கட்டுநாயக்கவிலேயே மறித்துவிடுவார்கள். தகப்பன் பெயர் உட்பட எல்லாம் கடவுச்சீட்டில் உள்ள ஒழுங்கிலேயே இருக்கட்டும்.

கேள்வி: பிரிக்ஃபீல்ட்ஸ் கந்தசுவாமி கோவிலுக்கு சென்ட்ரலிலிருந்து எப்படிப் போவது?
- வாசகர், மாங்குளம்

பதில்: ஸ்காட் வீதியிலுள்ள, இலங்கைச் சைவர்கள் கட்டிய கோவிலைத்தானே கேட்கிறீர்கள்? மோனோரெயிலில் ஒரே தரிப்பு, துன் சம்பந்தன். மோனோரெயில் நிலையம் சென்ட்ரல் கட்டடத்துக்குள் இல்லை, என்.யூ. சென்ட்ரல் கடைத்தொகுதிக்குள்ளால் நடக்கவேண்டும். 2014இல் அது திறக்கும்வரை வெயிலில் வீதியைக் கடந்துதான் போனார்கள்.

கேள்வி: இரட்டைக் கோபுரம்தான் இப்போதும் கோலாலம்பூரில் ஆக உயரமா?
- மாணவன், முள்ளியவளை

பதில்: இல்லை. அது 452 மீற்றர். மெர்டேக்கா 118 கோபுரம் 678.9 மீற்றர். புடுராயாவைத் தேடிப் போகிறவர்களுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும்.