பக்கத்து வீட்டுப் பையன் மீது போலீஸ் புகாரா?

கேள்வி: பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பதினைந்து வயது. போன வாரம் ராத்திரி இரண்டு நண்பர்களோடு சேர்ந்து எங்கள் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துப்போய், ஹேண்டிலைக் கோணலாக்கித் தெருமுனையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். கேமராவில் முகம் தெளிவாகத் தெரிகிறது. போலீஸில் சொன்னால்தான் திருந்துவான் என்கிறார் கணவர். அவன் தவழ்ந்த நாளிலிருந்து பார்த்தவள் நான், மனசு வரவில்லை. என்ன செய்யட்டும்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: இந்தச் சைக்கிளுக்காகப் போலீஸுக்குப் போக வேண்டாம், சகோதரி.

சிறார் இல்லத்தில் ஆலோசகராக 22 ஆண்டுகள் இருந்தவள் நான். முதல் தடவை வரும் பிள்ளை நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பான், கை நடுங்கும். மூன்றாம் தடவை வரும்போது சாய்ந்து உட்கார்ந்து, "நான் இப்படித்தான் மேடம்" என்பான். அந்த வார்த்தையைக் கேட்கத்தான் எனக்குப் பயம்.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 7,304 சிறார்களை உள்ளடக்கிய 29 சோதனை ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் ஓர் அறிக்கை வந்தது. பிடிபட்ட பிள்ளைகளை வழக்கு, விசாரணை என்று முறைப்படி கொண்டுபோனதால் அவர்கள் மறுபடி தப்பு செய்வது குறையவில்லை, கூடுவதாகவே தெரிந்தது. சிறார் குற்றங்களைத் தடுப்பதற்காக 1990இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற ரியாத் வழிகாட்டு நெறிகளும் இதையே சொல்கின்றன: வளரும் வயதில் விதி மீறுவது பெரும்பாலோரிடம் பெரியவர்களானதும் தானாக மறைந்துவிடும்; 'குற்றவாளி' என்று முத்திரை குத்துவதுதான் பலரை அதே வழியில் தள்ளுகிறது.

அதற்காகச் சும்மா விட்டுவிடச் சொல்லவில்லை. எங்கள் வாசல் விளக்கை ஒரு பையன் கல்லெறிந்து உடைத்தான். எனக்கும் கோபம் பொங்கியது. மறுநாள் அவன் தனியாக வரும்போது நிறுத்தி, "ராத்திரி இருட்டில் என் மாமியார் படியில் தடுமாறிட்டாங்கப்பா" என்று மட்டும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டே போனான். இரண்டு நாள் கழித்து ஒரு பல்போடு வந்து நின்றான். அவன் ஏறி மாட்ட, நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு எங்கள் தெருவில் விளக்கு உடையவில்லை.

நீங்களும் முதலில் அவனிடமே பேசுங்கள். நண்பர்கள் பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம். அவர்கள் முன்னால் எந்தப் பையனும் தலை குனிய மாட்டான். ஹேண்டிலை நிமிர்த்தித் தரச் சொல்லுங்கள். அப்பா பணம் கொடுத்து முடித்துவிடக் கூடாது, அவன் கைதான் படவேண்டும். அப்புறம் பெற்றோரிடம் சொல்லலாம். ஆனால் அந்த அப்பா கை நீட்டுகிறவர் என்று உங்களுக்குத் தெரிந்தால், பையனோடு பேசுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "போலீஸில் சொல்லிடுவேன்" என்ற மிரட்டலும் வேண்டாம். சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்டால் அப்புறம் உங்கள் பேச்சை அவன் மதிக்க மாட்டான்.

உங்கள் கணவர் சொல்வதையும் முழுக்கத் தள்ள மாட்டேன். யாருக்காவது அடிபட்டால், கையில் கத்தி இருந்தால், தீ வைத்தால், ஒரு பெண்ணைத் துரத்தினால், பிள்ளைகளைத் திருட அனுப்பும் பெரியவர் ஒருவர் பின்னால் இருப்பதாகத் தெரிந்தால், அன்றைக்கே போலீஸைக் கூப்பிடுங்கள். 'சின்னப் பசங்க' என்று அதை மூடி மறைக்கும் தெருவும் தப்பு செய்கிறது. அடிபட்டவரும் நம் பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம் இல்லையா?

இன்னொன்று, அந்த வீடியோ. தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். போலீஸ் புகாரையாவது ஒருநாள் முடித்து வைப்பார்கள். ஊர் முழுக்கப் போன வீடியோவை யாராலும் திரும்ப வாங்க முடியாது. பத்திரமாக வைத்திருங்கள். அவன் ஹேண்டிலைச் சரிசெய்து கொண்டுவந்து நிறுத்துகிற அன்றைக்கு, அவன் கண்ணெதிரேயே அழித்துவிடுங்கள்.