தெரியாமல் சாப்பிட்ட மாத்திரைக்கும் வீரருக்குத் தண்டனையா?

ஆமாம். விளையாட்டில் ஊக்கமருந்துக்கு எதிரான இந்த விதியை 'முழுப் பொறுப்பு' விதி எனலாம்: தடை செய்த பொருள் உடலில் இருந்தால், எப்படி வந்திருந்தாலும் பொறுப்பு வீரருடையதே. ஒருவர் மனதில் என்ன நினைத்தார் என்பதைச் சிறுநீர்ச் சோதனை காட்டாது. "எனக்குத் தெரியாது" என்றால் விட்டுவிடுவோம் என்று வைத்தால், அப்புறம் எல்லாருமே அதைத்தான் சொல்வார்கள். தேர்வறையில் சட்டைப்பையில் பிட் சிக்கினால் முதலில் விடைத்தாளைத்தானே பிடுங்குகிறார்கள்? யார் வைத்தது என்ற விசாரணை பிறகுதான்.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனியாவின் 16 வயது ஆந்திரேயா ரதுகான், அணி மருத்துவர் கொடுத்த சளி மாத்திரையால் ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கத்தை இழந்தார். பாவம்தான். தங்கம் போனது, ஆனால் போட்டித் தடை விதிக்கவில்லை. நோக்கம் பார்க்கப்படுவது அந்த இடத்தில்தான்.

மருத்துவர் சீட்டு இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது, பொதுவாக முன்கூட்டியே தனி அனுமதி வாங்க வேண்டும்.