50 கஜத்துக்குள் மான் வேட்டைக்கு .308 ரைஃபிளில் எந்தக் குண்டு போடுவது?

கேள்வியில் இருப்பது இவ்வளவு: பென்சில்வேனியா, புதர் மண்டிய ஓக் காடு, மரத்தில் கட்டிய பரண், 30 முதல் 50 கஜம், .308 தோட்டா போடும், கைப்பிடியை இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன். கடையில் 'லாங் ரேஞ்ச்' என்று அச்சிட்ட 150 கிரெயின் (கிரெயின் என்பது குண்டின் எடையைச் சொல்லும் அளவு) பெட்டியைக் கொடுத்திருக்கிறார்கள், அது போதுமா என்கிறீர்கள். இது உங்களுக்கு முதல் சீசன் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அந்தப் பெட்டியை இலக்குப் பலகையில் சுட்டுப் பழக வைத்துக்கொள்ளுங்கள். மானுக்கு 165 அல்லது 180 கிரெயின் சாதாரண சாஃப்ட் பாயின்ட் (நுனியில் ஈயம் வெளியே தெரியும் குண்டு) வாங்குங்கள். 150-தான் வேண்டும் என்றால், ஈயமும் உறையும் ஒட்டிய பாண்டட் வகையில் வாங்குங்கள். ஈயமே வேண்டாம் என்றால் 130 அல்லது 150 கிரெயின் முழுச் செம்பு.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழில் தோட்டா, குண்டு இரண்டையும் ஒன்றாகவே பேசிவிடுகிறோம். பித்தளைக் கூடு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கப் பின்னால் உள்ள பிரைமர், முன்னால் உள்ள குண்டு எல்லாம் சேர்ந்தது தோட்டா. மானைத் தொடுவது அந்த முன்பகுதி மட்டும்தான், அதுதான் குண்டு. ஒரே .308 தோட்டாவில் முற்றிலும் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும் பத்துப் பதினைந்து குண்டுகள் கிடைக்கின்றன. உங்கள் கேள்வி குண்டைப் பற்றியது.

கிட்டத்தில் சுடும்போது குண்டு மெதுவாகப் போய்ச் சேருவதில்லை, அளவுக்கு மீறிய வேகத்தில் போய்ச் சேருகிறது. பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 150 கிரெயின் .308 குழலை விட்டு வினாடிக்குச் சுமார் 2820 அடி வேகத்தில் கிளம்பும். 50 கஜத்திலும் 2700-ஐ ஒட்டியே இருக்கும். தூரச் சூட்டுக்கென்று செய்த குண்டின் செம்பு உறை மெல்லியது, உள்ளே ஈயம் மென்மையானது. 300 கஜம் தாண்டி வேகம் குறைந்த பிறகும் விரிய வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் முனை, அடிபட்டதும் ஆப்பு மாதிரி உள்ளே இறங்கிக் குண்டைப் பிளக்கும். இதே குண்டு 30 கஜத்தில் முன்னந்தோள் எலும்பில் பட்டால் அங்கேயே நொறுங்கலாம். மேலே பெரிய காயம், கூழாகிப்போன முன்சப்பைக் கறி, நுரையீரல் வரை போகாத குண்டு. மான் ஓடிவிடும், எங்கோ சாகும். விலாவுக்கு நடுவில் பட்டால் அதே குண்டு மானை நின்ற இடத்திலேயே சாய்த்தும் விடும். அதனால்தான் அதைப் புகழ்கிறவர்களும் உண்டு. ஆனால் மான் எந்த நொடியில் எந்தப் பக்கம் திரும்பும் என்பது நம் கையில் இல்லையே.

எனக்கு முக்கியம் வெளித்துளை, அதாவது குண்டு மறுபக்கம் வெளியேறும் துளை. 'குண்டு உள்ளேயே நின்றால்தான் ஆற்றல் முழுவதும் மானுக்குள் இறங்கும்' என்று வாதிடுவார்கள், தெரியும். பரண் மேலிருந்து சுடுகிறவர் அதைக் கேட்கக் கூடாது. 18 அடி உயரத்திலிருந்து 20 கஜத்தில் நிற்கும் மானைச் சுட்டால் குண்டு கீழ்நோக்கிச் சாய்ந்து போகும், வெளியேறும் இடத்தைவிட மேலே நுழையும். வெளித்துளை இல்லை என்றால் ரத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே தேங்கும், அது மேல்துளை மட்டத்துக்கு ஏறும்வரை தரையில் ஒரு சொட்டும் விழாது. இரண்டு நுரையீரலிலும் அடிபட்ட மான்கூட 50, 100 கஜம் ஓடும். நவம்பர் கடைசியில் ஓக் சருகு முழுக்கப் பழுப்பும் சிவப்புமாகக் கிடக்கும். அதில் காய்ந்த ரத்தப் புள்ளி எது, இலையில் இயற்கையாக உள்ள கறை எது என்று பிரிப்பது லேசல்ல. எதிர்ப்பக்கம் கீழே ஒரு துளை இருந்தால் தடம் தானாகத் தெரியும். ஆகவே நுழையும் இடத்தைப் பார்த்துக் குறி வைக்காதீர்கள். எதிர்ப்பக்கம் முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குண்டு வெளியேற வேண்டும் என்று மனத்தில் கோடு போட்டுக்கொண்டு சுடுங்கள்.

இனி வகைகள். ஈயத்தின் மேல் செம்பு உறை போட்ட சாதாரண சாஃப்ட் பாயின்ட்தான் விலை குறைவு. ரெமிங்டனின் கோர்-லாக்ட் 1939 முதல் இருக்கிறது. வின்செஸ்டரின் பவர் பாயின்ட், ஹார்னடியின் இன்டர்லாக் எல்லாம் இதே குடும்பம். இவற்றில் கனமானதை எடுத்தால் இரண்டு லாபம்: கிளம்பும் வேகம் குறையும் (180 கிரெயின் சுமார் 2620 அடி), உடைந்த பிறகும் உள்ளே போக மிச்சம் இருக்கும். பாண்டட் என்றால் ஈயத்தையும் உறையையும் பிரியாதபடி ஒட்டவைத்தது. ஃபெடரல் ஃப்யூஷன், நாஸ்லர் அக்யூபாண்ட் இந்த வகை. தோள் எலும்பில் பட்டாலும் எடையில் பெரும்பகுதியைத் தக்கவைக்கும். முழுச் செம்புக் குண்டு வேறு மாதிரி வேலை செய்கிறது. பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ் குண்டின் நுனியில் ஒரு குழி இருக்கும். அடிபட்டதும் நான்கு இதழாக விரிந்து பின்னால் மடங்கும், தண்டு அப்படியே இருக்கும். ஈயத்தைவிடச் செம்பு லேசு, ஆகவே அதே எடைக்குக் குண்டு நீளமாகும். எடை இழப்பும் அநேகமாக இல்லாததால் ஒரு படி இறங்கி 130 கிரெயின் எடுத்தாலே போதும். செம்பு விரிய வேகம் வேண்டும், உங்கள் 50 கஜத்தில் அது தாராளமாக இருக்கிறது. முழு உறை போட்ட ராணுவ வகை எஃப்எம்ஜே மட்டும் வேண்டவே வேண்டாம். விரியாமல் ஊசி மாதிரி துளைத்துப் போய்விடும். பல மாநிலங்களில் மானுக்கு அது சட்டப்படியே கூடாது.

'நாற்பது வருஷமாக .30-30-தான், மான் விழாமலா போனது?' என்று கீழே யாராவது எழுதக்கூடும். அவர் சொல்வது சரி, நான் சொல்வதற்கு அதுவே சாட்சி. 1895-இல் வந்த அந்தத் தோட்டா 170 கிரெயின் குண்டை 2200 அடி வேகத்தில்தான் அனுப்புகிறது. அந்த வேகத்தில் மலிவான சாஃப்ட் பாயின்ட்கூட நிதானமாக விரிந்து மறுபக்கம் போய்விடும். கறியும் அவ்வளவாகக் கெடாது. காட்டுக்குள் 100 கஜத்துக்குள் என்றால் இன்றைக்கும் அதை மிஞ்ச அவசியமில்லை. கீழேயுள்ள நெம்புகோலை அசைத்துத் தோட்டா ஏற்றும் லீவர் ஆக்‌ஷன் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: குழலுக்குக் கீழே உள்ள குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், பின்தோட்டாவின் மூக்கு முன்தோட்டாவின் பிரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கும். கூர்முனைக் குண்டு போட்டால் சுடும் உதைப்பில் அந்த முனை பிரைமரைக் குத்தி மேகசினுக்குள்ளேயே வெடிக்கலாம். தட்டை மூக்கு, அல்லது அதற்கென்றே ரப்பர் போன்ற மென்முனை வைத்துச் செய்த ஹார்னடி லெவரெவல்யூஷன் மட்டும் போடுங்கள். உங்களுடையது போல்ட் ஆக்‌ஷன், இந்தக் கவலை இல்லை.

குண்டை இன்னும் வேகமாக அனுப்பும் .300 வின்செஸ்டர் மேக்னம் வைத்திருப்பவர் கிட்டத்தில் சுடுவதாக இருந்தால் பாண்டட் அல்லது செம்பு தவிர வேறெதையும் தொடக்கூடாது. .243 என்றால் 100 கிரெயின். அதிலேயே வரும் 55, 58 கிரெயின் குண்டுகள் கொயோட்டி என்ற ஓநாய் இன விலங்குக்கும் தரையணிலுக்கும் செய்தவை. ஒஹாயோ எல்லை தாண்டி வேட்டைக்குப் போவீர்களானால் .308 செல்லாது. அங்கே மானுக்கு நேர்ச்சுவர்க் கூடு (முன்னால் கழுத்துப் போல் குறுகாத கூடு) உள்ள ரைஃபிள் தோட்டாக்களுக்கு மட்டுமே அனுமதி.

'கனமான குண்டு புதரை அறுத்துக்கொண்டு போகும்' என்பதை நம்பாதீர்கள். சுண்டுவிரல் பருமன் குச்சி போதும், எந்தக் குண்டும் திசை மாறலாம். கனமானதைச் சொல்வது உள்ளே போக, புதரைத் துளைக்க அல்ல. இடைவெளி தெரியாவிட்டால் சுடாதீர்கள்.

வாங்கியதும் இதைச் செய்யுங்கள். இரண்டு வகையில் வகைக்கொரு பெட்டி, 20 தோட்டா வீதம். மணல்மூட்டையில் ரைஃபிளை வைத்து முதலில் 25 கஜம், பலகையில் விழுந்த பிறகு 100 கஜம். மும்மூன்று தோட்டாவாகச் சுட்டு, நடுவில் குழலை ஆறவிடுங்கள். எந்த வகை நெருக்கமாக விழுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) குழலுக்கு ஒன்றரை அங்குலம் மேலே இருப்பதால், 100 கஜத்துக்குச் சரி செய்த ரைஃபிள் 25 கஜத்தில் அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தாழ்வாக விழும். மான் நெஞ்சில் எட்டு அங்குல இடம் இருக்கிறது, இதற்காக ஸ்கோப்பின் திருகைத் தொடாதீர்கள். ஸ்கோப்பின் பெருக்கத்தை மிகக் குறைந்த எண்ணில் விடுங்கள். 9-இல் வைத்தால் 30 கஜத்தில் மயிர் மட்டும்தான் தெரியும், அது தோளா தொடையா என்று தெரியாது.

சுட்ட பின் அசையாமல் உட்காருங்கள். நுரை கலந்த வெளிர்சிவப்பு ரத்தம் நுரையீரல், அரைமணி நேரத்தில் இறங்கலாம். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், நான்கு மணி நேரம். பச்சைப் பிசிறும் நாற்றமும் இருந்தால் குடல், எட்டு மணி நேரமாவது தள்ளி நில்லுங்கள். விரட்டினால் மான் கிடைக்காது.

ஈயம் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிட்டத்தில் வேகமாகப் பட்ட ஈயக் குண்டு பொடிப்பொடியாகச் சிதறும். அந்தத் துகள் காயத்தைத் தாண்டியும் பரவியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ரத்தம் கட்டிய கறியைச் சுற்றிலும் தாராளமாக வெட்டி எறியுங்கள். தண்ணீர் ஊற்றி அலசினால் துகள் நல்ல கறிக்கும் போகும். வீட்டில் சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் செம்புதான், இதில் விலை பார்க்காதீர்கள். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயமே கூடாது.

கறி வெட்டித் தரும் கடைகளில் சில, பல பேருடைய மானை ஒன்றாகக் கொட்டி அரைத்து, எடைபோட்டுப் பிரித்துத் தருகின்றன. நீங்கள் செம்பு போட்டு, சுத்தமாகக் குடல் எடுத்து, குளிரில் தொங்கவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால், யாரோ குடலில் சுட்டு வெயிலில் வண்டியில் கிடத்திய மானின் கறி உங்கள் பொட்டலத்தில் வரும். காசும் வாங்கிக்கொண்டு இதைச் சொல்வதுகூட இல்லை என்பதுதான் பொறுக்க முடியாதது. கொடுப்பதற்கு முன் 'என் மான் எனக்கே வருமா?' என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் ஒரு கத்தியும் கையால் சுற்றும் அரவை இயந்திரமும் வாங்கி வீட்டிலேயே வெட்டிவிடுங்கள்.

மானைக் கொல்லலாமா என்று கேட்க வருபவர்களுக்கு: கேட்டவர் உரிமம் வாங்கி, அந்த ஊர்ச் சட்டப்படி, தின்பதற்காகச் சுடுகிறார். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், இங்கே எழுதிய எதையும் அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

கடையில் 165 கிரெயின் சாஃப்ட் பாயின்ட் இல்லை என்று சொன்னால் 180 கேளுங்கள். நவம்பர் பிறந்துவிட்டால் இரண்டும் தீர்ந்துவிடும், அக்டோபருக்குள் வாங்கிவிடுங்கள். பலகையில் சுட்டுப் பார்த்த பெட்டியும் பரணுக்கு எடுத்துப்போகும் பெட்டியும் ஒரே லாட் எண்ணாக (ஒரே தயாரிப்புத் தொகுதியாக) இருக்கட்டும், பெட்டியின் மடிப்பில் அச்சிட்டிருக்கும்.