கேரளத்தின் முழப்பிலங்காடு கடற்கரையில் மாருதி ஜிம்னியை ஓட்டிய பிறகு எப்படிக் கழுவுவது? பெரிய டயர் மாற்றலாமா?

முதலில் வண்டியின் அடிப்பாகத்தைக் கவனியுங்கள். ஜிம்னி லேடர் ஃபிரேம் வண்டி, அதாவது ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின் மேல் பாடி உட்கார்ந்திருக்கும். நீளச் சட்டங்களில் உள்ள துளைகள் வழியாக உப்பு மணல் உள்ளே போய்த் தங்கிவிடும். துரு அங்கிருந்துதான் கிளம்பும். வீடு வந்த அன்றே துளைகளுக்குள் ஹோஸை வைத்து, தெளிந்த தண்ணீர் வெளியே வரும்வரை நல்ல தண்ணீர் விடுங்கள். அப்புறம் சக்கரத்துக்கு மேலுள்ள வளைவான வீல் ஆர்ச்சின் உள்மடிப்பை விரலால் தடவிப் பாருங்கள், ஈர மணல் அப்பியிருக்கும். மணல் முழுக்கப் போன பிறகே பெயின்ட்டில் துணி படலாம்.

டயருக்கு அவசரம் வேண்டாம். கம்பெனி தரும் 195/80 ஆர்15 டயரே போதும். முழப்பிலங்காட்டு மணல் இறுகலானது. பொடி மணல் என்றால் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கிவிட்டு, நான்கு சக்கரமும் இழுக்கும் 4எச் கியரில் சீராகப் போங்கள். தார் ரோட்டில் ஏறும்முன் மறுபடி காற்று நிரப்பியாக வேண்டும். அதனால், என்னைக் கேட்டால், முதல் செலவு ஒரு சின்ன கம்ப்ரஸர்தான். பெரிய டயர் போட்டால் இழுவையும் மைலேஜும் குறையும்.