பரணில் இருக்கும் ஜமீன் கட்டுகளை லேமினேட் செய்யலாமா?

கேள்வி: கொள்ளுத்தாத்தா மதுரைப் பக்கம் ஒரு ஜமீனில் காரியஸ்தர். அவருடைய தகரப் பெட்டி இப்போது பெங்களூரு அல்சூரில் எங்கள் ஃபிளாட் பரணில் இருக்கிறது. துணியில் கட்டிய கணக்குகள், கடிதங்கள், முத்திரைத்தாள்கள். ஓரம் பொடிகிறது, பூச்சித் துளையும் தெரிகிறது. லேமினேட் செய்து தேதிவாரியாக ஃபைலில் போடலாமா? இவற்றின் தொடர்ச்சியை சர்க்கார் பதிவுகளில் எங்கே தேடுவது?

பதில்: லேமினேஷன், தேதிவாரி ஃபைல் இரண்டுமே வேண்டாம். கடை லேமினேஷனில் சூட்டில் உருகிய பிளாஸ்டிக் காகித இழைக்குள் இறங்கிவிடும். பின்னால் பிரிக்கப் பார்த்தால் எழுத்தும் கூடவே உரிந்து வரும். செலோடேப்பின் பசையும் சில ஆண்டுகளில் பழுப்பேறி ஊறிவிடும்.

தேதிவாரியாகப் பிரிப்பது அதைவிடப் பெரிய இழப்பு. குத்தகைச் சீட்டையும் அதன் ரசீதையும் வழக்கு நகலையும் காரியஸ்தர் ஒரே கட்டில் வைத்திருந்தால் அந்தச் சேர்க்கையே ஒரு சான்று. தேதியில்லாத துண்டுச் சீட்டு எந்த ஊருக்கானது என்று பக்கத்தில் கிடந்த தாள்தான் சொல்லும். முடிச்சை அவிழ்க்கும் முன்பே படம் எடுங்கள். 3ஆம் கட்டின் 17ஆம் தாள் என்றால் 3/17 என்று 2பி பென்சிலால் பின்பக்க மூலையில் எழுதுங்கள். தாள் தாங்காது என்றால் உறையின் மேல் எழுதினால் போதும்.

பூச்சி உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கட்டின் அடியில் வெள்ளைத் தாள் விரித்து இரண்டு வாரம் விடுங்கள். புதிதாகப் பொடி உதிர்ந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. காற்றை வெளியேற்றி பாலிதீன் பையில் இறுக மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக்கூடாது. திறந்தால் குளிர்ந்த தாளில் நீர் வேர்க்கும், மை கசியும். ஓலைச்சுவடியையும் அரக்கு முத்திரை உள்ள தாளையும் ஃப்ரீசருக்கு அனுப்பாதீர்கள், விரிசல் விடலாம். ஃப்ரீசர் பூச்சியைக் கொல்லும், பூஞ்சையைக் கொல்லாது. பூஞ்சை பிடித்ததை நிழலில் காயவைத்து, என்95 முகக்கவசத்தோடு மென்தூரிகையால் துடைக்க வேண்டும். வெயில் ஆகவே ஆகாது.

பரணையும் விட்டுவிடுங்கள், அதிலும் குளியலறைச் சுவரை ஒட்டிய பரணை. ஜூன் முதல் அக்டோபர் வரை பெங்களூரு ஈரத்தில் பெட்டிக்குள் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை முளைக்கும். சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி உள்ளே வையுங்கள். துருப்பிடித்த தகரத்துக்குப் பதில் அமிலமற்ற அட்டைப்பெட்டி நல்லது. கிடைக்காவிட்டால் கஞ்சி போக அலசிக் காயவைத்த காடாத் துணியில் சுற்றுங்கள். அந்துருண்டை தாளில் படவே கூடாது.

வாசிக்கும்போது 'பிங்கள ௵ ஆடி ௴ 12 ௳' என்று வரும். ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள். ௸ வந்தால் மேற்படி. பிங்கள 1857ஆகவும் இருக்கலாம், 1917ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளில் ஐந்தாம் ஜார்ஜ் தலை இருந்தால் 1917தான். பசலி என்பது அன்றைய நிலவரிக் கணக்கு ஆண்டு; ஆங்கில ஆண்டு தெரிய அந்த எண்ணோடு 590 கூட்டுங்கள்: பசலி 1300 என்றால் 1890 ஜூலையில் தொடங்கியது.

தேட வேண்டிய இடம் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். ஜமீன் என்றதும் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு ஓட வேண்டாம். புதுக்கோட்டை போன்ற சமஸ்தானங்களுக்குத்தான் அங்கே நிறையக் கிடைக்கும். ஜமீன்கள் சென்னை மாகாண அரசுக்குக் கிஸ்தி கட்டியவை, அதனால் வருவாய் வாரிய நடவடிக்கைகளிலும் மதுரை கலெக்டர் பதிவுகளிலும்தான் பேசப்படும். மானியக் கிராமம் என்றால் இனாம் பதிவேட்டையும் பாருங்கள். வாரிசு மைனராக இருந்த காலத்தில் ஜமீனை கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் (மைனர் வாரிசுகளின் சொத்தைப் பார்த்துக்கொண்ட அரசு அமைப்பு) நிர்வகித்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: வரவு செலவை அதிகாரிகளே மேலிடத்துக்கு எழுதி அனுப்பியிருப்பார்கள், காரியஸ்தர் பெயரும் சம்பளமும் அதில் வர வாய்ப்புண்டு. வாரிசு வழக்கு நடந்திருந்தால் மேல்முறையீட்டு ஆவணங்களில் வம்சாவளியே அச்சாகியிருக்கும். 1863இல் பிரிவி கவுன்சில் (அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றம்) தீர்த்த சிவகங்கை வழக்கு போல லண்டன் வரை போனவை உண்டு.

முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்குங்கள். போகும்போது கிராமத்தின் பழைய பெயர், அன்றைய தாலுகா, ஆங்கில ஆண்டு மூன்றையும் எழுதி எடுத்துப் போங்கள். முதலில் அந்த ஆண்டின் அட்டவணைத் தொகுதியைக் கேளுங்கள். கோப்பு எண் அதில்தான் இருக்கும்.