இமை துடிக்கிறது, வாயும் இழுக்கிறது

கேள்வி: என் வயது 46, ஆசிரியை. மூன்று வருடங்களுக்கு முன் இடது கீழ் இமையில் தொடங்கிய துடிப்பு, இப்போது வாயோரத்தையும் சேர்த்து இழுக்கிறது. தூங்கும்போதும் இழுப்பதாக மகள் சொல்கிறாள். வகுப்பில் நான் கண்ணடிக்கிறேன் என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஸ்கேனில் ரத்தக்குழாய் நரம்பைத் தொடுவதாக வந்திருக்கிறது. கரன்ட் வைத்து டெஸ்ட், பிறகு தலையில் ஆபரேஷன் என்கிறார்கள். முகத்தில் இருக்கும் தொல்லைக்குத் தலையை ஏன் திறக்க வேண்டும்?

பதில்: முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கத்தி பிடிக்கிற டாக்டர் இல்லை. நரம்பு டெஸ்ட் எடுப்பவள். ஆபரேஷன் தியேட்டரில் ஓரமாக உட்கார்ந்து திரையில் அலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவள்.

தூக்கமின்மையால் எல்லோருக்கும் வந்து போகும் இமைத் துடிப்பு கன்னத்துக்கு இறங்காது. உங்களுடையது ஒரே பக்கம், இறங்கியிருக்கிறது, தூக்கத்திலும் நிற்பதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். கண்ணை இறுக மூடினால் புருவம் கீழே இறங்க வேண்டும். ஒருபக்க முக இழுப்பு (ஹெமிஃபேஷியல் ஸ்பாஸம்) என்கிற இந்த நோயில் பலருக்கு, இழுப்பு வரும்போது கண் மூடும், அந்தப் பக்கத்துப் புருவமோ மேலே ஏறும். மகளை விட்டு மொபைலில் வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் இழுப்பு நின்றுபோவது எத்தனையோ பேருக்கு நடக்கிறது!

முகத்தின் ஒரு பக்கத் தசைகளையெல்லாம் ஆட்டுவிப்பது ஒரே நரம்பு. மூளைத்தண்டை விட்டு அது வெளியே வரும் இடத்தில் அதன் உறை மெல்லியது. அங்கே ஒரு தமனி, அதாவது ஸ்கேனில் தெரிந்த ரத்தக்குழாய், வளைந்து வந்து, துடிக்கும்போதெல்லாம் இடித்தால் நரம்பு எரிச்சலடைகிறது. பழைய லேண்ட்லைனில் யாரோ பேசுவது குறுக்கே கேட்குமே, அதுபோல கண்ணுக்கான செய்தி வாய்க்கும் போய்விடுகிறது. கோளாறு இருப்பது அங்கே. அதனால்தான் காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு திறப்பு.

டெஸ்டில் இந்தக் குறுக்குப் பேச்சைத்தான் பிடிக்கிறோம். கண்ணுக்குப் போகும் கிளையில் சிறு மின்தூண்டல் கொடுத்து, முகவாய்த் தசையில் பதிவு செய்வோம். சாதாரணமாக அங்கே ஒன்றும் வராது. உங்களுக்கு ஏறக்குறைய 10 மில்லிசெகண்டில் ஒரு அலை எழும். ரப்பர் பேண்டால் சுண்டிவிட்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இழுப்பை அடக்க, தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போட்டிருந்தால் தேதியைச் சொல்லிவிடுங்கள். தசை சோர்ந்திருந்தால் அலையும் சின்னதாகிவிடும்.

இதே டெஸ்டை ஆபரேஷனிலும் ஓட்டுவோம். தசை தளர்த்தும் மருந்தை அதிகம் கொடுக்காதீர்கள் என்று மயக்க மருந்து டாக்டரை நான் நச்சரித்துக்கொண்டே இருப்பேன். சர்ஜன் தமனியை நகர்த்தி, நடுவில் டெஃப்லான் பஞ்சை வைப்பார். ஒட்டாத பாத்திரத்தில் பூசுகிறார்களே, அதே டெஃப்லான். பெரும்பாலும் அந்த நிமிடமே முகவாய் அலை திரையிலிருந்து காணாமல் போகும். இத்தனை வருடமாகியும் அதைப் பார்க்க எனக்கு அலுக்கவில்லை. மறையாவிட்டால், வேறொரு குழாயும் தொடுகிறதா என்று தேடச் சொல்வேன்.

பக்கத்திலேயே கேட்கும் நரம்பு போகிறது. காதில் டக் டக் ஒலி கொடுத்து அதன் அலையையும் பார்ப்போம். அது 1 மில்லிசெகண்ட் தாமதமானாலோ பாதியாகச் சுருங்கினாலோ நான் குரல் கொடுப்பேன், சர்ஜன் கையை எடுப்பார். இத்தனைக்குப் பிறகும் சிலருக்கு அந்தக் காது கேட்காமல் போவதுண்டு. சிலருக்கு முகம் கொஞ்ச காலம் தளர்ந்திருக்கும். பக்கவாதம் அரிது, ஆனால் இல்லையென்று சொல்ல மாட்டேன். பழகிய கைகளில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு இழுப்பு நின்றுவிடுகிறது.

இது உயிருக்கு ஆபத்தான நோய் இல்லை, அவசரமும் இல்லை. போடாக்ஸ் ஊசி மூன்று நான்கு மாதம் தாங்கும். திரும்பத் திரும்பப் போட வேண்டும், சில சமயம் இமை தொங்கும். நானாக இருந்தால் முதலில் ஊசி போட்டுப் பார்ப்பேன், அது சலித்த பிறகு ஆபரேஷனுக்குப் போவேன். அப்புறம், ஆபரேஷன் முடிந்த மறுநாள் இமை துடித்தால் பயப்படாதீர்கள். சிலருக்கு அது அடங்க மாதக்கணக்கில் ஆகும்.