கண்ணில் விடும் சொட்டு மூச்சு வாங்க வைக்குமா?

கேள்வி: கிளாக்கோமாவுக்காக (கண் அழுத்த நோய்) அம்மாவுக்கு டிமோலால் சொட்டு மருந்தைக் காலையும் இரவும் விடுகிறோம். இரண்டு வாரமாக மூச்சு வாங்குகிறது, வீசிங் சத்தமும் வருகிறது. அவருக்குச் சின்ன வயதில் ஆஸ்துமா இருந்தது. சொட்டு மருந்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு, அதனால் அடுத்த சொட்டு விடும் முன்பே, இன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள்; திணறல் கூடினால் நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். கண்ணில் விட்ட மருந்து கண்ணோடு நிற்பதில்லை, கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி அங்கிருந்து ரத்தத்தில் கலந்துவிடுகிறது. டிமோலால் ஒரு பீட்டா பிளாக்கர், அதாவது இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் மாத்திரைகளின் வகை. மூச்சுக்குழாயைச் சுருக்கும், நாடித்துடிப்பையும் குறைக்கும். ஆஸ்துமா எப்போதோ வந்து போயிருந்தாலும் இது கூடாது. கண்ணுக்குத்தானே என்று பலரும் ஆஸ்துமாவைப் பற்றி டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்குக் கவலை. லட்டனோபிராஸ்ட் போல வேறு வகை மருந்துகள் இருக்கின்றன. ஆனால் சிகிச்சையே இல்லாமல் விட்டுவிடாதீர்கள், கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது.

இந்த மருந்து ஒத்துக்கொள்கிறவர்கள் ஒரே ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் முனையை விரலால் 2 நிமிடம் மெதுவாக அழுத்திக்கொண்டால் உடம்புக்குள் போகும் அளவு நன்றாகக் குறையும். அப்புறம், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் கவனம்: சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடலாம்.